வெளிக்கடலில் நின்ற விவாகரத்து

போன வாரம் எங்கள் கோர்ட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, மனுதாரர் கத்தார்ல இருக்காரு. அவருக்குப் பவர் ஏஜென்டா மாமனாரு வந்து நிக்காரு. பொண்ணைப் பெத்தவரே மாப்பிள்ளை பக்கம் நின்னு விவாகரத்து கேக்கலாமாக்கா?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. "ரிட்டயர் ஆனப்புறமும் வீட்டுல கோர்ட்டு நடக்கு" என்று முணுமுணுத்தபடி என் வீட்டுக்காரர்தான் அடுப்பைத் துடைத்தார்.

அவளுக்குப் பதில் சொல்லி முடித்ததும், "இதையெல்லாம் எழுதி வைங்கக்கா, எங்களுக்கு யாரு சொல்லித் தருவா?" என்றாள். சட்டம் படிக்கப் புத்தகம் கிடைக்கும். நான் பார்த்த ஆட்களைப் பற்றித்தான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

டைப்பிங் ஹையர் முடித்து, பரீட்சை எழுதி, ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். விரல் தேய அடித்து, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் தூத்துக்குடி குடும்பநல நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக வந்து உட்கார்ந்தேன். நீதிபதிக்கு முன்னால், அவருக்குக் கொஞ்சம் கீழே என் மேஜை. வழக்குக் கட்டை எடுத்துக் கொடுப்பது, பெயரைக் கூப்பிடச் சொல்வது, அடுத்த வாய்தாத் தேதியைக் குறிப்பது என் வேலை. காலையில் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பஸ் ஏறும்போது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை நடந்திருக்கும். கோர்ட்டுக்குள் நுழைந்து அன்றைய முதல் கேஸைப் பார்த்ததும், நம் வீட்டுச் சண்டையெல்லாம் ஒரு சண்டையா என்று தோன்றிவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவருக்குப் பக்கோடா வாங்கிக்கொண்டு போவேன். ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊரில் விவாகரத்து கேட்கிறவர்களில் பலர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஒருவர் கப்பலில் இருப்பார், ஒருவர் மாலத்தீவில் இருப்பார், நர்ஸாகப் போன பெண் அயர்லாந்தில் இருப்பாள். கல்யாணம் இங்கே நடந்ததால் கேஸும் இங்கேதான். ஆள் வர முடியாவிட்டால் அங்குள்ள நம் தூதரகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பதிவு அலுவலகத்தில் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அப்படியும் பத்திரத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்து மாதக்கணக்கில் ஜெபம் பண்ணிவிட்டு, கெடு தாண்டிய பிறகு எடுத்து வந்து நிற்பவர்கள் உண்டு. "மாதாவும் முத்திரை குத்தித் தரலையாம்மா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

அப்புறம் கொரோனா வந்தது, வீடியோ விசாரணையும் வந்தது. சவுதியில் டிரைவராக இருந்த ஒருவர் முதல் தடவை திரையில் தெரிந்தபோது அவருக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸும் ஒரு வாளியும் தெரிந்தன. எங்கள் ஜட்ஜம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, எங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். "பாத்ரூம்லம்மா. ரூம்ல பன்னெண்டு பேரு கெடக்கான். இங்கனதான் தாழ்ப்பாள் உண்டு" என்றார் அவர். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. "சரிங்க, வாளியை மட்டும் தள்ளி வைங்க" என்றார். அவர் வாளியைத் தள்ளி வைத்தார், விசாரணை நடந்தது.

இந்த ஜட்ஜம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவார். அந்த 'ங்க'வை நம்பி ஏமாந்த வக்கீல்கள் பலர். மேஜையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க் இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் வழக்குக் கட்டை மூடுவார், அவ்வளவுதான். பொய் சொல்லுகிறவனுக்கு முன்னால் கட்டை மெதுவாக மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, "இப்ப சொல்லுங்க" என்பார். எதிரே நிற்பவனுக்கு வேர்த்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கும், ஒரு தப்பும் செய்யாமலே, வேர்க்கும்.

இனி நான் சொல்ல வந்த கேஸ்.

டெனிஸ் தூத்துக்குடிப் பையன், சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஜெனிட்டா பெரியதாழைப் பெண், நர்ஸ். கல்யாணமான சூட்டோடு அவன் கப்பல் ஏறிவிட்டான். அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. இவனுக்கு லீவு வந்தால் அவளுக்கு வராது, அவள் வந்தால் இவன் நடுக்கடலில் இருப்பான். வருஷங்கள் இப்படியே போய், அடிதடி இல்லாமல், சேலையோ நகையோ கேட்காமல், இருவரும் சேர்ந்தே பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனுப் போட்டார்கள். முதல் தடவை வீடியோவில் வந்து சம்மதம் சொன்னார்கள். சட்டப்படி ஆறு மாதம் கழித்து மறுபடியும் வந்து, "இப்பவும் அதே முடிவுதான்" என்று சொல்ல வேண்டும். பதினெட்டு மாதத்துக்குள் சொல்லாவிட்டால் மனு காலாவதி, எல்லாம் முதலிலிருந்து.

நடுவில் வேலைகளைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு பவர் ஏஜென்ட் வைத்தார்கள். அங்கேதான் பிள்ளைகள் கோட்டை விட்டார்கள். டெனிஸ் பவர் கொடுத்தது தன் அப்பா மிக்கேல் அண்ணாச்சிக்கு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய பழைய தண்டல், தோணியின் கேப்டன். மனைவி இறந்து தனியாக இருந்தார். ஜெனிட்டா பவர் கொடுத்தது தன் அம்மா லூர்தம்மாளுக்கு. இந்த விவாகரத்து நடக்கவே கூடாது என்று நினைத்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். அந்த இரண்டு பேர் கையில் கேஸைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் நிம்மதியாகக் கடல் கடந்து போய்விட்டார்கள். அப்பா, அம்மாவை விட்டால் வேறு யாரிடம் கொடுப்பது என்றுதானே நம் ஆட்களுக்குத் தோன்றும்!

ஆறு மாதம் முடிந்தது. முதல் வாய்தாவுக்கு லூர்தம்மாள் வந்தார், மிக்கேல் அண்ணாச்சி வரவில்லை. அடுத்த தடவை அண்ணாச்சி வந்தார், அந்த அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. அதற்கடுத்த தடவை அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி என்று வக்கீல் வாய்தா வாங்கினார். அன்று மத்தியானம் நான் டீ குடிக்கப் போனேன். கோர்ட் வாசல் கடை பெஞ்சில் இரண்டு சம்பந்திகளும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு எவர்சில்வர் டப்பா. அண்ணாச்சியின் வாயில் எண்ணெயில் பொரித்த முந்திரிக்கொத்து.

"நெஞ்சுவலிக்கு முந்திரிக்கொத்து நல்லதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரையேறிவிட்டது. லூர்தம்மாள் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "வெளிய சொல்லிராதீக தாயி" என்றார். "ரெண்டு பேருக்கும் லீவு ஒண்ணு போல வந்தாப் போதும். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு வாரோம்னு சொல்லுதாவோ. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தா எல்லாம் சரியாப் போவும். அதுவர இழுத்துட்டுப் போறோம்."

"உங்க புள்ளைகள உங்களுக்குத் தெரியும். கோர்ட்டை விளையாட்டுப் பண்ணாதீக" என்று சொன்னேன். கண்டிப்பாகச் சொல்லத்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் லூர்தம்மாள் டப்பாவை என் பக்கம் நீட்டிவிட்டார். நன்றாகவே இருந்தது.

நான் வெளியே சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. சாயங்காலம் ஜட்ஜம்மா வெந்நீரை ஊற்றிக்கொண்டே, "அந்தக் கப்பல்காரர் கட்டுல ஒருத்தர் வந்தா ஒருத்தர் வர்றதில்லை. கவனிச்சீங்களா?" என்றார். "கவனிச்சேன் மேடம்" என்றேன். "நானும்ங்க" என்று ஒரு வாய் குடித்தார்.

அடுத்த வாய்தாவுக்குச் சம்பந்திகள் இருவரும் கண்டிப்பாக வர வேண்டும் என்று உத்தரவானது. வந்தார்கள். மிக்கேல் அண்ணாச்சி கூண்டில் ஏறி, வேட்டியைச் சரிசெய்து, தோணி மேல்தட்டில் நிற்பதுபோலக் காலை அகட்டி நின்றார்.

"அம்மா, எம் மவன் சம்மதம்னு சொன்னான், வாஸ்தவம். பொறவு அவன் பவர எனக்குக் குடுத்துட்டான். இப்பம் பவரு எங்கிட்ட இருக்கு. எனக்குச் சம்மதம் இல்ல" என்றார்.

லூர்தம்மாள் கீழே நின்றபடி, "எனக்கும் இல்லம்மா" என்று சேர்ந்துகொண்டார்.

பிள்ளைகளின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கெடு முடியக் கொஞ்ச நாளே இருந்தது. ஜட்ஜம்மா கட்டை மூடினார். "பவர் கேஸை நடத்தறதுக்குக் கொடுத்ததுங்க. நிறுத்தறதுக்குக் கொடுக்கலை. இனி நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டாம். அவங்களே வரட்டும்" என்று, இருவரும் வீடியோவில் நேராக ஆஜராக ஒரு தேதி போட்டார்.

அந்த நாளும் வந்தது. திரையின் ஒரு பாதியில் ஜெனிட்டா. அவளுக்கு அது விடிகாலை. ராத்திரி டூட்டி முடிந்து யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தாள். மறுபாதியில் டெனிஸ், கப்பல் மேல்தட்டில், காற்றில் தலைமுடி பறக்க நின்றான். பெற்றவர்கள் இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்து, திரையைப் பூசை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜட்ஜம்மா வழக்கப்படி முதலில் இடத்தைக் கேட்டார். ஜெனிட்டா ஊர்ப்பெயர் சொன்னாள்.

"நீங்க எந்த நாட்டுல இருக்கீங்க?"

"கப்பல்ல மேடம்" என்றான் டெனிஸ்.

"கப்பல் எந்த நாட்டுல இருக்குதுங்க?"

 அவன் பின்னால் எதையோ பார்ப்பதுபோலத் திரும்பினான். கூடவே போனும் கொஞ்சம் திரும்பியது. தூரத்தில் கரை, அதன் மேல் உயரமான புகைபோக்கிகள். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா! ஆனால் எனக்கு முன்னால் பின்வரிசையில் மிக்கேல் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"ஏலே! அது நம்ம தெர்மல்லா! இங்கன அவுட்டர்லயாலே கெடக்க?"

கோர்ட்டே சிரித்தது. பெயர் கூப்பிடும் டவாலி "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டே தானும் சிரித்தார். எங்கள் ஊர் அனல்மின் நிலையத்துக்கு எதிரே வெளிக்கடலில், சாயங்காலம் கடற்கரையில் நின்றால் விளக்குத் தெரிகிற தூரத்தில், நங்கூரம் போட்டு நிற்கிறான். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்திருக்கிறது கப்பல். வந்து பல நாள் ஆகிறதாம்.

ஜட்ஜம்மா கட்டை மூடினார். "அப்பாவுக்கு ஏன் சொல்லலைங்க?"

"சொன்னா வள்ளம் புடிச்சுக் கப்பலுக்கே வந்துருவாரு மேடம். வந்து சேந்து வாழு, சேந்து வாழும்பாரு. என்னால அவர்ட்ட பேசி செயிக்க முடியாது."

மறுபடி சிரிப்பு. நான் மட்டும் மிக்கேல் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார். மகன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறான், அப்பாவுக்குச் சொல்லவில்லை. இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு என்ன விலை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு பெரிய உடம்பு சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குத்தான் இந்த வசதிங்க. நீங்க மத்தியானத்துக்குள்ள நேர்ல வாங்க" என்றார் ஜட்ஜம்மா. வக்கீல் எழுந்து, நங்கூரம் போட்ட இடம் இந்தக் கோர்ட் எல்லைக்குள் வருமா என்பது ஆராய வேண்டிய விஷயம் என்று ஆரம்பித்தார். மூடின கட்டின் மேல் இரண்டு கையும் வந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஷிப்பிங் ஏஜென்ட் கம்பெனிக்காரர்கள் கப்பலில் அனுமதி வாங்கி, படகு அனுப்பி, அவனை அழைத்து வருவதற்குள் மணி நாலாகிவிட்டது. எண்ணெய்க் கறை படிந்த இன்ஜின்ரூம் உடுப்போடும் கனத்த ஷூவோடும் வந்தான். மிக்கேல் அண்ணாச்சி சாப்பிடக்கூடப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று எட்டிப் பார்த்தேன். "மெலிஞ்சிட்டியேலே" என்றார். அவன் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான். லூர்தம்மாள் வராந்தாவில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் நம்பிக்கை இன்னும் போகவில்லை.

நீதிபதியின் அறையில் விசாரணை. மேஜையில் லேப்டாப், அதில் ஜெனிட்டா. ஜட்ஜம்மா பெரியவர்களையும் உள்ளே கூப்பிட்டார். "ஒரே ஒரு தடவை பேசிக்குங்க. அப்புறம் நான் கேட்பேன்" என்றார்.

மிக்கேல் அண்ணாச்சி மகனைப் பார்த்துத்தான் பேசினார். "நானும் கடல்ல போனவன்தானலே. காத்து மாறினா மாசக்கணக்கா வர முடியாது. ஒங்கம்மா என்னய விட்டுட்டா போனா?"

"அம்மா இங்கன இருந்தாப்பா" என்றான் டெனிஸ். "நீங்க திரும்பி வர ஒரு வீடு இருந்துச்சி. எங்க ரெண்டு பேர்ல யாரு வீட்டுல இருக்கா? நான் எங்கன திரும்பி வர?"

அவர் தோள்துண்டை எடுத்து மெதுவாக மடித்தார். 

லேப்டாப்பிலிருந்து ஜெனிட்டா பேசினாள். "மேடம், சண்டை போடணும்னாக்கூட ஒரு வீட்டுல இருந்திருக்கணும்லா. நாங்க அதுக்குக்கூட சேந்து இருந்ததில்ல. இங்க ஒரு வீடு வாங்கலாம்னு போனா, கல்யாணம் ஆனவள்னா புருஷன் எங்கன்னு கேக்காங்க. தனியாளுன்னா விவாகரத்து பேப்பர் எங்கன்னு கேக்காங்க. ரெண்டுக்கும் எங்கிட்ட பதில் இல்ல. புருஷன்னு பாத்தா அவங்க நல்லவங்கதான். ஆனா நான் எதையும் ஆரம்பிக்க முடியாம நிக்கேன்."

ஜட்ஜம்மா இருவரிடமும் தனித்தனியே கேட்டார். சம்மதம் என்றாள் அவள். சம்மதம் என்றான் அவன். லூர்தம்மாளின் கையில் ஜெபமாலை நின்றுவிட்டது. ஜட்ஜம்மா சொல்லச் சொல்ல ஸ்டெனோ எழுதினார். உத்தரவு, திருமணம் கலைக்கப்பட்டதாக முடிந்தது. என் சர்வீஸில் எத்தனையோ தடவை கேட்ட வாக்கியம்தான். அன்று மட்டும் தேதியைத் தப்பாகக் குறித்து, அடித்து எழுதினேன்.

மிக்கேல் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இனிமே இந்தப் புள்ள எனக்கு என்ன வேணும்?"

யாருக்கும் புரியவில்லை என்று நினைத்தோ என்னவோ, லேப்டாப்பைக் காட்டி அவரே தொடர்ந்தார். "எம் பொஞ்சாதி செத்த பொறவு, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வந்தா வீட்டுல பேச ஆளு கெடையாது. அந்த நேரத்துக்கு இதுதான் போன் போடும். மாமா, என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கும். மாத்திரை போட்டீங்களான்னு கேக்கும். இவன் கேக்க மாட்டான். இவனுக்குப் பொஞ்சாதி இல்லன்னு எழுதிட்டீக, சரி. எனக்கு அது என்ன வேணும்னு எழுதலையே?"

ஆக, இவர் இத்தனை நாள் இழுத்தது மகனுக்காக மட்டும் இல்லை. ஜட்ஜம்மா கட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். கோபத்தில் மூடவில்லை. "அதுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்லைங்க" என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"மாமா" என்றாள் ஜெனிட்டா. அழுதுகொண்டிருந்தாள், ஆனாலும் குரலில் ஒரு கிண்டல் இருந்தது. "நான் அவங்கள்ட்ட இருந்து பிரியத்தான் மனுப் போட்டேன். ஒங்ககிட்ட இருந்து பிரிய மனு எதுவும் போடலையே. ஞாயித்துக்கிழமை கூப்பிடுதேன். எடுக்காம இருந்துராதீங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். லூர்தம்மாள்தான் முதலில் தேறினார். மூக்கைச் சிந்திவிட்டு, முன்னாள் மருமகனைப் பார்த்தார். "படகு எத்தன மணிக்கு? காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீக. ரெண்டு பேரும் வாங்க. எந்தங்கச்சி வீடு பக்கத்துலதான், எறால் தொக்கு வச்சிருக்கா."

"யம்மா!" லேப்டாப்புக்குள்ளிருந்து ஜெனிட்டா கத்தினாள். "எறால் குடுத்துராத! அவங்களுக்கு ஆகாது, ஒடம்பெல்லாம் தடிச்சிரும். முட்டை பொரிச்சிக் குடு!"

டெனிஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள்.  பெற்றவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

ஜட்ஜம்மா என் பக்கம் சாய்ந்தார். "லிங்க்கை கட் பண்ணிடுங்க" என்றார். "இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா நானே உத்தரவைக் கிழிச்சிருவேனுங்க."

சிவப்புப் பட்டன் மேல் விரலை வைத்தேன். அழுத்த எனக்கு மனசு வரவில்லை. அப்படியே வைத்திருந்தேன். கடைசியில் அவளே கையை ஆட்டிவிட்டுப் போனாள்.